ஆடிக் காத்துல அளந்தா ஊரே சுத்தம்

அப்புனு, இப்புடி வந்து உக்காரு. லண்டன்ல பொகைக்கு வேலி போட்டுட்டாங்களாம், நம்ம திருப்பூருக்கும் ஒண்ணு போடோணும்னு நீயும் உன்ற சேக்காளிகளும் மேப்பு வரைஞ்சு வெச்சிருக்கறதாக் கேள்விப்பட்டேன். பழைய பஸ் ஸ்டேண்டு, புஷ்பா ரவுண்டானா, குமரன் ரோடு, காதர்பேட்டை, இதையெல்லாம் சுத்தி ஒரு கோடு. கோட்டுக்குள்ள பொகை வண்டி வரப்படாது. அங்கங்க காத்தை அளக்கற மிசினு. நெம்ப நல்ல காரியம். படிச்ச புள்ளைக செய்யற காரியம், கொறை சொல்ல நான் ஆரு? நாங் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். காத்து நல்லா ஆவோணுமா, இல்ல நல்லா இருக்குதுன்னு காயிதத்துல வரோணுமா?

ரெண்டும் வேற வேற சோலி. மொதோ சோலிக்குப் பத்து வருசமும் பல பேரோட சாபமும் வேணும். ரெண்டாவதுக்கு ஒரு வாரம் போதும். அதை நானே சொல்லித் தாரேன், பீசு வேண்டாம். ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாச் செரி.

மொதல்ல எடம். கண்ணபுரம் சந்தைக்குக் காளைய ஓட்டிட்டுப் போறவன் கொம்பைச் சீவி, மேலுக்கு எண்ணெய் தடவி, வாங்கறவன் கண்ணுக்கு நல்ல பக்கம் தெரியறாப்லதான் நிறுத்துவான். நீயும் ஊரை அப்புடி நிறுத்திப்போடு. மிசினோட மூக்கு தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல, 10 மீட்டருக்குள்ள இருக்கோணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து விதி சொல்லுது. நீ 10 மீட்டர்லயே வெய்யி. விதிக்கும் கொறை இல்ல, உனக்கும் கொறை இல்ல. மூணாவது மாடி ஒசரத்துல எவன் மூச்சு உடறான்? புறா உடும். எட்டரை மணி ஷிப்டுக்குப் புஷ்பா ரவுண்டானாவுல, துணி ரோல் ஏத்துன குட்டியானைக்குப் பொறத்தால ஸ்கூட்டர்ல ஒத்தைக் காலை ஊனி நிக்குதே அம்மணி, அதுக்கு மூக்கு இருக்கறது நாலடி ஒசரத்துல. அந்த மூக்கை ஆரும் கணக்குல எடுக்க மாட்டாங்க, நீ வெசனப்படாத.

மிசினு பொய் சொல்லாது, அதை மட்டும் நம்பலாம். வாரியம் வெக்கற பெரிய மிசினு நிமிசத்துக்கு 16.7 லிட்டர் காத்தை உறிஞ்சும். சும்மா கயித்துக்கட்டல்ல படுத்துக் கெடக்கற எனக்கு ஆறேழு லிட்டரு போதும், மிசினுக்கு என்னைய மாதிரி ரெண்டரைக் கெழவன் மூச்சு வேணும். உள்ள ஒரு காயித நாடா ஓடுது. தூசி அதுல வட்டமா அப்பிக்கும். அதுக்கு மேல பீட்டா கதிரை உட்டு, எத்தனை கதிரு அக்கட்ட போய்ச் சேருதுன்னு பாத்து, தூசியோட எடையக் கணக்குப் போடும். அந்த நாடாவ வெளிய எடுத்துப் பாத்தா வரிசையா வட்டம் வட்டமா இருக்கும். ஒண்ணு வெளுப்பு, ஒண்ணு சாம்பலு, ஒண்ணு கன்னங்கரேல். எத்தனை மணிக்கு ஊரு எப்புடி இருந்துச்சுன்னு எழுதி வெச்ச டைரி அது. தனக்கு முன்னால வர்ற காத்தை அது நேர்மையாத்தான் அளக்கும். எந்தக் காத்தை முன்னால கொண்டு வாரதுங்கறதுலதான் உன்ற சாமர்த்தியம்.

அடுத்தது மாசம். இதை ஆரும் உனக்குச் சொல்லித்தர மாட்டாங்க. ஆடி மாசத்துல அள. பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்துக்குப் பல்லடத்துக் காத்தாடியெல்லாம் தலைகால் தெரியாமச் சுத்தும். ஊருக்குள்ள எத்தனை சிம்னி பொகைஞ்சாலும் அத்தனையும் தூக்கிக் கெழக்கால வீசிப்போட்டுத்தான் அது நிக்கும். மார்கழி பொறந்தாக் கதை மாறிப் போவும். காத்து அசையாது, பனியோட பொகையும் கீழயே படுத்துக்கும், பொழுது ஏறுனாத்தான் எந்திரிக்கும். அந்த மாசத்துல மிசினை ரிப்பேருக்குத் தாட்டி உட்டுரு. ஸ்பேர் பார்ட்டு வரலைன்னு சொன்னா இந்த நாட்டுல ஆரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.

பெரிய மிசினுக்குக் காசில்லைன்னா கைமொறை இருக்குது. நம்ம நாட்டுல 1984லிருந்து அதுதான் நடக்குது. வாரத்துக்கு ரெண்டு நாளு, ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம், வருசத்துக்கு 104 சாம்பிள். ரெண்டு நாளையும் ஒரே இடைவெளியா எடுக்கோணும்னு விதி எழுதி வெச்சிருக்கறாங்க. ஆனா எந்த ரெண்டு நாளு? ஒண்ணு ஞாயித்துக்கெழமையா அமைஞ்சா அது உன்ற நல்ல நேரம். சனிக்கெழமை சம்பளம் வாங்குன ஊரு ஞாயித்துக்கெழமை கறி எடுத்துட்டு ஊட்டுல கெடக்குது. தீபாவளிக்கு ஊருக்குப் போன சனம் திரும்பற வரைக்கும் கம்பெனி பாதி பூட்டிக் கெடக்கும். அந்த நாளுகள உட்டுப்போடாத.

இதையுங் கேளு, இதுதான் எனக்கு நெம்பப் புடிச்சது. காத்துக்கு மார்க்கு போடறதுக்கு 2014ல ஒரு முறை கொண்டாந்தாங்க. தூசியில ரெண்டு தினுசு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தகப் பொகை, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம்னு எட்டுச் சங்கதி. எதுல மோசமோ அதுதான் ஊரோட மார்க்கு, சராசரி கெடையாது. புத்தியாத்தான் செஞ்சிருக்கறாங்க. ஆனா எட்டையும் அளக்கோணும்னு கட்டாயமில்ல, மூணு இருந்தாப் போதும், அதுல ஒண்ணு தூசியா இருக்கோணும். 24 மணி நேரமும் அளக்கோணும்னும் கட்டாயமில்ல, 16 மணி நேரம் இருந்தாச் செரி. மீதி எட்டு? அது உனக்கும் கரண்டு ஆபீசுக்கும் உள்ள பேச்சு. காத்தால ஏழுலிருந்து பதினொண்ணு, சாயந்தரம் அஞ்சுலிருந்து ஒம்போது. கூட்டிப் பாரு, எட்டு வருதா? வருதல்ல? நாங் கணக்குல அப்பவே கெட்டி.

ஒண்ணு மட்டும் பண்ணிப்போடாத. சீனாவுல ஷியான்னு ஒரு பட்டணம். 2016ல அங்கத்த அதிகாரிங்க சில பேரு, மிசினு மூக்குல பஞ்சு நூலைத் திணிச்சு நல்ல மார்க்கு வாங்கிட்டாங்க. பஞ்சு! நம்மூரு சரக்கு! அடுத்த வருசம் கோர்ட்டு அவீங்கள ஜெயில்ல போட்டுருச்சு. பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊர்ல இருந்துட்டு நமக்கு இந்த ரோசனை முன்னாலயே வரலையேன்னு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் வேண்டாம். மேல சொன்னதுக்கெல்லாம் ஜெயிலு கெடையாது, இதுக்கு உண்டு.

என்ன, மொகம் சுண்டிப் போச்சு? தாத்தன் இந்த வயசுல திருட்டுத்தனம் சொல்லித்தாரானேன்னு பாக்கறயா? இந்த ஊரு ஒருக்கா இப்புடி அளந்து பாத்துருச்சு அப்புனு. அப்பக் காத்து இல்ல, தண்ணி. ஊருக்குள்ள இருக்கறவன் நொய்யலைப் பாத்து, சாக்கடை கொஞ்சம் கலரா ஓடுதுன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டான். கெழக்க ஒரத்துப்பாளையத்துல 1990களோட தொடக்கத்துல வெள்ளாமைக்குன்னு ஒரு அணை கட்டுனாங்க. நாம போட்ட சாயம் பூராவும் அங்க போய்த் தேங்குச்சு. கெணறு கெட்டுது, தென்னை காஞ்சுது. அங்கத்த விவசாயிங்க கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்குனாங்க. 2011 ஜனவரி 28ந் தேதி சென்னை ஐகோர்ட்டு எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு. எழுநூறுக்கு மேல. அன்னிக்குத்தான் நம்மாளுக்கு அளவுகோலைப் பத்தி ஞானம் பொறந்துச்சு. அளக்க வேண்டியது நாம உடற எடத்துல மட்டுமில்ல, அது போய்ச் சேர்ற எடத்துலயும்தான்னு. இப்பப் பாரு, ஆத்துத் தண்ணியும் கெழக்க போவுது, ஆடிக் காத்தும் கெழக்க போவுது. ஊத்துக்குளிக்காரனும் காங்கயத்தானும் நமக்கு என்ன பாவம் பண்ணுனாங்களோ தெரியல.

அப்பறம் ஒரு சொட்டுத் தண்ணி வெளிய உடப்படாதுன்னு ஆச்சு. 18 பொதுச் சுத்திகரிப்பு நெலையம். இந்தியாவுல எங்கயும் இந்தளவுக்கு ஒரு ஊரே சேந்து பண்ணுனதில்லைன்னு மேடையில பேசறாங்க, நானுங் கை தட்டறேன். நெசமாவே பெரிய காரியம்தான். ஆனா அந்தத் தண்ணி எப்புடிச் சுத்தமாவுதுன்னு பாத்துருக்கறயா? சவ்வுல வடிகட்டுன பொறகு மிஞ்சற உப்புத்தண்ணிய ஆவியாக்கி உப்பைப் பிரிக்கோணும். ஆவியாக்கக் கொதிக்க வெக்கோணும். கொதிக்க வெக்க பாய்லரு. பாய்லருக்கு வெறகு. ஆத்துல போனதுல கொஞ்சம் இப்ப சிம்னி வழியா மேல போவுது. தண்ணிக்கு ஆயக்கட்டு விவசாயிங்க சங்கம் இருந்துச்சு, கோர்ட்டுக்குப் போச்சு. காத்துக்கு ஆயக்கட்டுதாரரு ஆரு?

உன்ற மேப்புக்கு வாரேன். லண்டன்காரன் 2019 ஏப்ரல் 8ந் தேதி நடு ஊர்ல கோடு போட்டான். பழைய டீசல் வண்டி உள்ள வந்தா ஒரு நாளைக்குப் பன்னெண்டரைப் பவுண்டு கட்டோணும். 2021ல கோட்டைப் பெருசு பண்ணுனான், 2023 ஆகஸ்டுல லண்டன் பூராவும்னு ஆக்கிப்போட்டான். கோவத்துல அங்கத்த சனம் கேமராக் கம்பத்தையே அறுத்துத் தள்ளுச்சு. அது கெடக்குது. நீ கவனிக்க வேண்டியது வேற. கோடு போடறதுக்கு முன்னாலயே அவன் ஊரு பூராவும் நூத்துக்கு மேல சின்ன மிசினு மாட்டி அளந்துட்டான். கோட்டுக்கு வெளியவும் அளந்தான். இல்லைன்னா பின்னால கொறைஞ்சுதா, கூடுச்சா, பக்கத்துத் தெருவுக்குக் குடி போச்சான்னு எதை வெச்சுச் சொல்லறது? நீ போட்டிருக்கற மேப்புல மிசினெல்லாம் கோட்டுக்கு உள்ளயே இருக்குது. பொகை வண்டிய நீ உள்ள உடலைன்னா அது வானத்துலயா போவும்? காங்கயம் ரோட்டையும் பெருமாநல்லூர் ரோட்டையும் சுத்திக்கிட்டுப் போவும். அந்த ரோட்டோரத்துல குடியிருக்கறவன் உன்ற கோட்டோட செலவைக் கட்டுவான், மிசினுக்கு அது தெரியாது.

இன்னொண்ணு. லண்டன்காரனுக்கு எதிரி டீசல் வண்டியோட நைட்ரஜன் பொகை. நம்பர் பிளேட்டைப் படம் புடிச்சாப் போதும். நம்மூர்ப் பொகை அத்தனைக்கும் நம்பர் பிளேட்டு இருக்குதா? சிம்னி நின்ன எடத்துல நிக்குது. கரண்டு போனா கம்பெனிக்குப் பின்னால ஜெனரேட்டரு கத்துது. ராத்திரி பத்து மணிக்கு மேல, ஆரும் பாக்காத பள்ளத்துல பனியன் கட்டிங் வேஸ்ட்டு எரியுது. பருத்தின்னாக்கூடப் பரவால்ல, பாலியஸ்டரும் எலாஸ்டிக்கும் சேந்து எரியற நாத்தம் தனி. இதுக்கெல்லாம் எந்தக் கேமரா பன்னெண்டரைப் பவுண்டு வசூல் பண்ணும்?

நின்ன எடத்துப் பொகைக்குக் கோடு போட்ட கதையும் நம்ம நாட்டுல இருக்குது, லண்டனுக்கே போக வேண்டாம். ஆக்ராவுல தாஜ்மகாலைச் சுத்தி 10,400 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வட்டகை. 1996 டிசம்பர் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அங்க இருந்த 292 ஆலைக்குச் சொன்னது, நெலக்கரிய உட்டுப்போட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறு, இல்லைன்னா எடத்தைக் காலி பண்ணு. பளிங்குக் கல்லு மஞ்சளாவுதுன்னு அத்தனை அக்கறை. நம்மூர்ல பளிங்குக் கல்லு இல்ல, பாத்தயா? மனுசந்தான் இருக்கான். அவன் நுரையீரல் என்ன கலருன்னு பாக்க எந்தத் தேசத்துலிருந்து டூரிஸ்டு வாரான்?

மத்திய சர்க்காரு 2019ல காத்துக்குன்னு ஒரு திட்டம் போட்டாங்க. அதுல தமிழ்நாட்டுல சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்குது. திருப்பூரு இல்ல. பட்டியல்ல சேரோணும்னா மொதல்ல பெயிலாவோணும், பெயிலாவோணும்னா ஒழுங்கா அளக்கோணும். மத்திய வாரியத்துப் பட்டியல்ல நம்மூருப் பேருக்கு நேரா குமரன் காலேஜுன்னு ஒரு நெலையம் இருக்குது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனா இத்தனை லட்சம் சனத்துக்கு ஒரு மூக்கு பத்துமா?

மார்க்கு சமாச்சாரத்துலயும் ஏமாந்துராத. சின்னத் தூசி, பிஎம் 2.5ங்கறாங்களே, அது ஒரு நாள் சராசரி 55 மைக்ரோகிராம்னா நம்ம கணக்குல "திருப்தி". உலக சுகாதார நிறுவனம் 2021ல எழுதி வெச்சது 15. அதே காத்து, அதே மூக்கு, ஜெனீவாவுல பெயிலு, திருப்பூர்ல பாஸு. நீ போர்டு வெச்சா வெறும் பச்சை மஞ்சக் கலரு மட்டும் காட்டாத, கூட அந்த நெம்பரையும் எழுது. கலரு பூசறதுல நம்ம ஊரு கில்லாடி, அதை எவனும் நம்ப மாட்டான்.

கம்பெனிக்கு உள்ள பறக்கறதையும் கேளு. நிட்டிங் மிசினுக்குப் பக்கத்துல தலைமுடியில ஒட்டுதே பஞ்சு, அது மூக்குலயே சிக்கிக்கும். அதை உன்ற பிஎம் 2.5 கணக்குல புடிக்காது. ஆனா நூல்மில்லுல, கார்டிங்ல பறக்கற பஞ்சுத்தூசி வேற சாதி. ஞாயித்துக்கெழமை லீவு முடிஞ்சு திங்கக்கெழமை உள்ள நொழைஞ்சா நெஞ்சு இறுக்கிப் புடிக்கும். அந்தக் காலத்துல மேஸ்திரி அதைத் திங்கக்கெழமைச் சோம்பேறித்தனம்னு திட்டுவான். அதுக்குப் பேரு பிசினோசிஸ், 1948 தொழிற்சாலைச் சட்டத்துல, சர்க்காருக்குக் கட்டாயம் தெரியப்படுத்த வேண்டிய நோய்ப் பட்டியல்ல இருந்துச்சு. கோட்டுக்குள்ள ரோடு சுத்தமா இருந்து, ஒன்றரை ஷிப்டு செவுத்துக்குள்ள இதை இழுத்துக்கிட்டு நிக்கறவளுக்கு உன்ற மண்டலத்துனால என்ன லாபம்?

செரி, சுருக்கமாக் கேளு, எனக்கு வெத்தலை போடற நேரமாச்சு. கோட்டை இப்பவே போடாத. ஒரு மார்கழி, ஒரு ஆடி, ரெண்டும் போவட்டும், சும்மா அள. லேசர் வெளிச்சத்துல தூசிய எண்ணற சின்ன மிசினு போதும், ஆனா அதுக்கு ஈரம் ஆவாது. பனிக்காலத்துல நீர்த்துளியையும் தூசின்னு எண்ணிப்போடும். அதனால மாட்டறதுக்கு முன்னால அத்தனையையும் கொண்டுபோய் வாரியத்துப் பெரிய மிசினுக்குப் பக்கத்துல கொஞ்ச நாளு வெச்சு, எது எவ்வளவு பொய் சொல்லுதுன்னு குறிச்சுக்க. நைட்ரஜனுக்குக் கரண்டே வேண்டாம், வெரல் நீளத்துல ஒரு குழாய் இருக்குது. கம்பத்துல கட்டி உட்டு, மாசத்துக்கு ஒருக்கா மாத்தி லேபுக்குத் தாட்டி உட்டாப் போதும். லண்டன்ல இன்னிக்கும் அதைத்தான் தெருத்தெருவாக் கட்டியிருக்கறாங்க. பள்ளிக்கூட கேட்டுல ஒண்ணு, காதர்பேட்டையில மூட்டை எறக்கற எடத்துல ஒண்ணு, கோட்டுக்கு வெளிய கெழக்கால நாலு. மணிக்கு மணி நெம்பரை ஊருக்குச் சொல்லு. 24 மணி நேரச் சராசரிக்குள்ள எட்டரை மணியப் பொதைச்சுராத.

பாட்டிகிட்டயும் கேட்டுக்க. அவ மிசினு கொல்லையில கட்டியிருக்கற கொடிக்கயிறு. என்ற வெள்ளை வேட்டிய மேக்கால பக்கம் போட்டாக் கரும்புள்ளி வருது, கெழக்கால செவுத்து மறைவுல போட்டா வர்றதில்ல. புள்ளியத் தேச்சுப் பாத்தா மாவா ஒதுந்துருச்சுன்னா வெறகுச் சாம்பலு, பிசுக்குன்னு இழுத்துச்சுன்னா வேஸ்ட்டு துணி எரிச்சது. இதுல ஒரு வேடிக்கை பாரு, வெறகு வெலை ஏறுன வாரம் பிசுக்கு ஜாஸ்தியா இருக்குது. காரணம் எனக்குத் தெரியாது. உன்ற மாமனாருக்குத் தெரியலாம், முருகம்பாளையத்துல பட்டறையும் பாய்லரும் வெச்சிருக்கறது அவீங்கதான.

அவீங்க தங்கமான மனுசன். கலியாணப் பந்தியில எனக்கு ரெண்டு தடவை லட்டு வெச்சாரு. ஊருக்குக் காத்து மண்டலம் வரோணும்னு அவரும் ஆசைப்படறாராம், துணி வாங்கற பையரு கேக்கறாங்களாம், செலவுக்குக்கூடக் குடுக்கறேன்னாராம். காதர்பேட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கோணும்னு அவருதான் ரோசனை சொன்னாராமே? அவரு சிம்னி காதர்பேட்டையிலயா இருக்குது?

அதனால நீ ஒண்ணு பண்ணு. மொதோ மிசினை அவரு பட்டறைக் காம்பவுண்டுக்குக் கெழக்கால மூலையில, நாலடி ஒசரத்துல மாட்டு. நெம்பர் தெரியற போர்டை ரோட்டைப் பாத்துத் திருப்பி வெய்யி. வர்ற தீபாவளி உனக்குத் தலைதீபாவளி. மோதரம் வருதா, மிசினு திரும்பி வருதான்னு பாத்துப்போட்டு, ரெண்டாவதை எங்க மாட்டறதுன்னு பேசிக்கலாம்.